14 பேருக்கு ஒரு ஷவர்: பம்ப் சின்ன வேலை, காலடி பெரிய வேலை

கேள்வி இதுதான். டிசம்பரில் கர்நாடக மலைப் பக்கத்துச் சக்லேஷ்பூர் அருகே ஒரு காப்பித் தோட்டத்தில் 14 பேர் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறீர்கள். அதில் நாலு குழந்தைகள், மூன்று வயதான பெண்கள். தோட்டத்தில் ஒரு கழிவறையும் ஒரு போர்வெல் குழாயும் கிடைக்கும், குளியலறை கிடையாது. வீட்டிலேயே ஒரு ஷவர் செய்து எடுத்துப் போக முடியுமா, வெந்நீர் வருமா, செலவு 4,000 ரூபாய்க்குள் அடங்குமா?

முடியும், வரும், அடங்கும். பெங்களூர் பீன்யாவில் ஒரு ஹைட்ராலிக் பட்டறையில் பல வருடமாகப் பம்ப், வால்வ், ஹோஸ் என்று பிழைக்கிறவன் நான். எங்கள் லிங்கராஜபுரம் கும்பல் வருடத்துக்கு இரண்டு தடவையாவது இப்படிக் கிளம்பும். இதுவரை நாலு ஷவர் செய்திருக்கிறேன். மூன்று பரணில் தூங்குகின்றன, நாலாவதுதான் இன்னும் ஓடுகிறது. அந்த மூன்றும் எங்கே சறுக்கின என்று பார்த்தால், பம்ப்பில் சறுக்கியது ஒன்றுதான். மற்ற இரண்டும் தரையிலும் மறைப்பிலும் சறுக்கின. இதைப் பற்றி விசாரிக்கும் எல்லோரும் "என்ன பம்ப் போடலாம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நிற்கிற இடம், துணி மாட்டுகிற இடம், தண்ணீர் ஓடிப் போகிற வழி ஆகியவற்றை யாரும் கேட்பதில்லை. கூட வருகிற பெண்கள் மட்டும் முதல் கேள்வியாகவே கேட்பார்கள்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். பக்கெட்டும் சொம்பும் எடுத்துப் போனால் போதாதா? நாலைந்து பேர் என்றால் போதும், இந்த வம்பே வேண்டாம். 14 பேர் என்னும்போது கணக்கு மாறுகிறது. சொம்பால் ஊற்றிக் குளிக்கிறவர் 15 லிட்டருக்குக் குறைவாகக் கையை நிறுத்த மாட்டார், அதுவும் டிசம்பர்க் குளிரில் வெந்நீர் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 14 பேருக்கு 210 லிட்டர். அத்தனையையும் சுடவைக்க வேண்டும். கையை விட்டால் நின்றுவிடும் ஸ்பிரேயில் குளித்தால், நனைவது, நிறுத்திவிட்டுச் சோப்புப் போடுவது, அலசுவது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 5 லிட்டரில் முடிகிறது. நாங்கள் பக்கெட்டில் கோடு போட்டு அளந்தே பார்த்திருக்கிறோம். தலைக்குக் குளிக்கும், நீளமான முடி உள்ள பெண்களுக்கு 9, 10 லிட்டர் வையுங்கள். எல்லாம் சேர்த்து 90 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் உங்கள் கும்பல் ஒரு சுற்று குளித்துவிடலாம். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்களே, அந்தக் கோடையை அபார்ட்மென்டில் கழித்தவர்களுக்கு இந்த 5 லிட்டர் பெரிய விஷயமாகவே தோன்றாது.

சரி, பம்ப். வயலில் மருந்தடிக்க முதுகில் மாட்டிக்கொண்டு போவார்களே பேட்டரி ஸ்பிரேயர், அதற்குள் உள்ளங்கை அளவில் ஒரு 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் இருக்கும். அது தனியாக ஸ்பேர் பார்ட்டாகவே கிடைக்கும். அதைத்தான் நான் சொல்வேன். நிமிடத்துக்கு 3 லிட்டர் சுமாராகத் தள்ளும். தண்ணீருக்கு வெளியே வைத்தாலும் தானே உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்ச நேரம் காற்றை இழுத்தாலும் செத்துப்போகாது. இதையெல்லாம் விட முக்கியம், அதன் தலையில் இருக்கும் பிரஷர் சுவிட்ச். நீங்கள் ஸ்பிரேயை மூடினால் ஹோஸுக்குள் அழுத்தம் ஏறும், சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். திறந்தால் மறுபடி ஓடும். சோப்புப் போடும் அந்த ஒன்றரை நிமிடம் தண்ணீரும் மிச்சம், பேட்டரியும் மிச்சம். சுவிட்ச் இல்லாத மலிவுப் பம்ப்பும் விற்கிறார்கள். அதை வாங்கி முனையில் மூடுகிற ஸ்பிரே கன் மாட்டினால், ஹோஸ் பிய்த்துக்கொண்டு பறக்கும், இல்லையென்றால் மோட்டார் கருகும். கடையில் "பிரஷர் கட் ஆஃப் இருக்கா" என்று கேட்டு, சுவிட்சைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

கட்டாயம் புதுசாகத்தான் வாங்க வேண்டும். ஊரில் சித்தப்பா வீட்டில் பழைய ஸ்பிரேயர் சும்மாதானே கிடக்கிறது என்று கழற்றிக்கொண்டு வராதீர்கள். பூச்சிமருந்து ரப்பரிலும் ஹோஸிலும் ஊறியிருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் முழுதாகப் போகாது. அந்தத் தண்ணீர் குழந்தையின் கண்ணிலும் வாயிலும்தான் போகும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

வீட்டில் கூலருக்குள் இருக்கும் பம்ப், மீன்தொட்டிப் பம்ப் ஆகியவற்றையும் தொடாதீர்கள். அவை 230 வோல்ட். காட்டில் அதை ஓட்ட இன்வெர்ட்டர் வேண்டும். ஈரத் தரை, வெறுங்கால், 230 வோல்ட், இந்த மூன்றையும் ஒரே இடத்தில் சேர்க்கவே கூடாது. 12 வோல்ட்டில் ஷாக் பயம் இல்லை. ஆனால் வயர் ஒட்டிக்கொண்டால் பேட்டரி நெருப்பாகச் சுடும். அதனால் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். பத்து இருபது ரூபாய் சமாச்சாரம்.

பேட்டரி எவ்வளவு பெரியது வேண்டும்? ஸ்பிரேயருக்கென்றே வரும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-அவர் பேட்டரி போதும். பம்ப் இழுப்பது 3 ஆம்பியர் என்று கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் ஓடினால் 14 பேருக்கு 28 நிமிடம், அதாவது 1.4 ஆம்பியர்-அவர். தலைக்குக் குளிப்பவர்களுக்காக 2 என்றே வையுங்கள். இரண்டு நாளும் குளித்த பிறகு பாதி மிச்சம் இருக்கும். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்தும் எடுக்கலாம்தான். ஆனால் கார் நிற்கிற இடமும் குளிக்கிற இடமும் ஒன்றாக அமைவதில்லை.

கட்டுவது அரை நாள் வேலை. பம்ப்பை ஒரு பழைய டிஃபன் டப்பாவுக்குள்ளோ சின்னப் பெட்டிக்குள்ளோ திருகி, ஆன்-ஆஃப் சுவிட்சையும் அதிலேயே பதித்துவிடுங்கள். இழுக்கும் பக்கம் ஒரு மீட்டர் ஹோஸ், அதன் நுனியில் கூடவே வரும் சல்லடை. அது தொலைந்துவிட்டால் பழைய நைலான் சாக்ஸை இரண்டு மடிப்பாகக் கட்டினாலும் சரி. மணல் உள்ளே போனால் வால்வ் ரப்பர் மூடாது, பம்ப் உறுமும், தண்ணீர் வராது. தள்ளும் பக்கம் 4 மீட்டர் ஹோஸ், அது நூல் பின்னியதாக இருக்கட்டும். கண்ணாடி மாதிரித் தெரியும் வெறும் பிளாஸ்டிக் டியூப் போட்டால், பிரஷர் சுவிட்ச் வெட்டுவதற்கு முன் ஏறும் அழுத்தத்தில் பலூன் மாதிரி உப்பி, ஹோஸை மாட்டும் முனையான நிப்பிளிலிருந்து கழன்றுவிடும். ஹோஸ் நிப்பிளில் ஏற மறுத்தால் எண்ணெய் தடவாதீர்கள், பிறகு வழுக்கிக்கொண்டே இருக்கும். நுனியை ஒரு நிமிடம் வெந்நீரில் பிடித்தால் இளகி, கையாலேயே ஏறிவிடும். ஆறினதும் கிளிப்பை இறுக்குங்கள். டெஃப்லான் டேப்பைத் திருகு மரையின் முனையை உங்கள் பக்கம் திருப்பி வைத்து, கடிகாரம் சுற்றுகிற பக்கமாக ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் மாட்டும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். பட்டறைக்கு வரும் ஒழுகல் புகாரில் பாதி இப்படித்தான்.

ஹோஸின் விட்டத்தையும் கவனியுங்கள். அரை இஞ்ச் ஹோஸ் 10 மீட்டர் என்றால் உள்ளே மட்டும் ஒன்றே கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு ஆளுக்கும் முதலில் வருவது அந்த ஆறிப்போன ஒன்றே கால் லிட்டர்தான். 8 மில்லிமீட்டர் ஹோஸ் 4 மீட்டர் போட்டால் 200 மில்லிதான் நிற்கும்.

முனையில் எதை மாட்டுவது? நான் முதலில் கழிவறையில் கழுவிக்கொள்ள மாட்டும் ஹெல்த் ஃபாசெட்டை மாட்டினேன். அரை இஞ்ச் மரை, கையை விட்டால் நிற்கும், எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், பொறியியல்படி குறை சொல்ல முடியாது. புதுசு, பாக்கெட்டைப் பிரித்துக் காட்டியும், என் அத்தை அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதால தலைக்கு ஊத்திக்கச் சொல்றியாடா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பயணத்தில் அத்தை குளிக்கவே இல்லை. அடுத்த தடவை தோட்டத்துச் செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரே கன் மாட்டினேன். தலையைத் திருப்பினால் ஷவர் மாதிரி விழுகிற ஒரு நிலை அதில் உண்டு. அதில் நிறுத்தி, குழந்தைகள் திருப்பிவிடாமல் டேப் சுற்றிவிட்டேன். அதே நிறுத்தும் வசதி, அதே தண்ணீர், யாரும் முகம் சுளிக்கவில்லை. சாதாரண ஷவர் தலையும் ஒரு பால் வால்வும் போட்டுப் பார்த்தேன். சோப்புக் கையால் வால்வைத் திருகி மூட யாருக்கும் பொறுமை இல்லை, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

பைக்கில் இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் இது எதுவும் வேண்டாம். கையால் பம்ப் அடிக்கும் 5 லிட்டர் தோட்ட ஸ்பிரேயர் ஒன்று போதும், அதுவும் புதுசாக. தண்ணீர் கேனில் மாட்டும் சார்ஜ் பம்ப்பை வைத்தும் சிலர் செய்கிறார்கள். நூல் மாதிரி வரும், குழந்தைகளுக்குக் கை கால் கழுவ ஆகும்.

இப்போது வீடியோக்களில் எல்லோரும் காட்டும் பிவிசி குழாய் ஷவர். கார் கூரையில் 110 மில்லிமீட்டர் குழாயைக் கட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, வெயிலில் சூடாக்கி, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்துப் பீய்ச்சுவது. என் முதல் ஷவர் அதுதான். பார்க்க அழகு. ஆனால் 6 அடி நீளத்தில் 15 லிட்டர்தான் கொள்ளும். உங்கள் 90 லிட்டருக்கு ஆறு குழாய் வேண்டும். பல கார்களின் கூரை தாங்குவது 50 முதல் 75 கிலோவரைதான், கையேட்டில் போட்டிருக்கும். அது போகட்டும், காற்றடிப்பதுதான் ஆபத்து. தண்ணீர் அமுங்காது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாய் விரிசல் விட்டால் ஒரு பீச்சு பீச்சிவிட்டு அடங்கிவிடும். காற்று அப்படியில்லை, சுருள்வில் மாதிரி சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும். விட்டது என்றால் பிவிசி துண்டு துண்டாகச் சிதறும். அதிலும் 110 மில்லிமீட்டரில் கடையில் சட்டென்று எடுத்துக் கொடுப்பது கழிவுநீர்க் குழாய். அது அழுத்தத்துக்காகச் செய்ததே இல்லை.

கனகபுரா பக்கம் ஒரு தோட்டத்தில் மச்சான் ஒருத்தன் கால் பம்ப்பை உற்சாகமாக மிதித்துக்கொண்டிருந்தபோது, நான் ஒட்டியிருந்த முனை மூடி 'டமார்' என்று கழன்று பறந்து, மாட்டுக் கொட்டகைத் தகரத்தில் பள்ளம் விழுந்தது. தோட்டக்காரரின் அம்மா பன்றிக்கு வெடி போட்டுவிட்டார்கள் என்று ஓடி வந்தார். மூடி போன திசையில் ஆள் யாரும் இல்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். பம்ப், வால்வ் என்று பிழைக்கிறவன் இதைச் செய்திருக்கக் கூடாது. வீடியோவில் நன்றாக வந்ததே என்று நினைத்துவிட்டேன்.

காற்றடிக்காமல், உயரத்திலிருந்து தானாக இறங்கும்படி அந்தக் குழாயைப் பயன்படுத்தலாம். ஆனால் 2 மீட்டர் உயரத்துக்குக் கிடைப்பது 0.2 பார் அழுத்தம்தான். அதில் சாதாரண ஷவர் தலை மூக்கொழுகல் மாதிரி சொட்டும். பூவாளியின் தலையைக் கழற்றி மாட்டினால் துளை பெரிதாக இருப்பதால் நன்றாக விழும். மேலே காற்று உள்ளே போக ஒரு துளையும் வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். 20 லிட்டர் கேனை மரக்கிளையில் தொங்கவிட்டு அதன் கீழே நிற்கும் யோசனையும் வேண்டாம். 20 கிலோவைக் கயிற்றை நம்பித் தலைக்கு மேலே யாராவது மாட்டுவார்களா?

வெந்நீருக்கு வருவோம். சக்லேஷ்பூரும் பெங்களூர் மாதிரி கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். டிசம்பரில் குழாய்த் தண்ணீர் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு பங்கு கொதிநீர், மூன்று பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் 39 டிகிரி வரும். குளிக்க அதுதான் பதம். ஆக 20 லிட்டர் பக்கெட்டில் முதலில் 15 லிட்டர் பச்சைத் தண்ணீர், அதன்மேல் 5 லிட்டர் கொதிநீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கொதிநீரை முதலில் ஊற்றி வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கப் போகிற அந்த அரை நிமிடத்தில்தான் குழந்தை கையை விடும். 60 டிகிரித் தண்ணீரே சில விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். கலந்த பிறகு முழங்கையை விட்டுப் பாருங்கள், உள்ளங்கை ஏமாற்றும். பம்ப்பையும் கலந்த தண்ணீரில்தான் இறக்க வேண்டும். கொதிநீரை நேராக இழுத்தால் உள்ளே இருக்கும் ரப்பர் இளகிப் போகும்.

90 லிட்டருக்கு 23 லிட்டர் கொதிநீர் போதும் என்றால், ஒரு பெரிய பிரியாணி அண்டாவை அடுப்பில் ஏற்றினால் வேலை முடிந்தது. காஸ் கணக்கும் பயமுறுத்தாது. 20 லிட்டர் குளியல் தண்ணீருக்குத் தேவையான சூடு அரை யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவு. திறந்தவெளிக் காற்றில் பாதிச் சூடு வீணாகிறது என்று வைத்தாலும் 75 கிராம் காஸ் போதும். எல்லோரும் குளிக்க 350 கிராம் சுமார். 5 கிலோ சிலிண்டருக்கு இது ஒன்றுமே இல்லை. இதையே பேட்டரியில் சூடாக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. அந்த அரை யூனிட்டுக்கு 12 வோல்ட் பேட்டரியில் 40 ஆம்பியர்-அவர் வேண்டும், ஒரு பக்கெட்டுக்கே கார் பேட்டரி காலி. மறுநாள் காரைத் தள்ளிக்கொண்டுதான் பெங்களூர் வர வேண்டும்.

அதற்கு முன் தோட்டத்து ரைட்டரிடம், அதாவது கணக்குப்பிள்ளையிடம், ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். அந்தப் பக்கத்து வீடுகளில் வெந்நீர் போட ஹண்டே என்று பெரிய செம்புத் தவலை அடுப்போடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். காலையிலிருந்து விறகு உள்ளே புகைந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கத் தோட்டங்களில் தமிழ் பேசுகிற தொழிலாளர்கள் நிறைய, பேச்சுக்கும் சிரமம் இருக்காது. நாங்கள் போன ஒரு இடத்தில் இரண்டு பக்கெட் கொதிநீர் அங்கிருந்தே கிடைத்தது, அண்டாவை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை.

செம்புக் குழாயைச் சுருளாக்கி நெருப்பில் வைத்து, அதன் வழியாகப் பம்ப் செய்து உடனுக்குடன் வெந்நீர் எடுக்கும் ஏற்பாட்டையும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்வரை அது சரி. நம் கன் கையை விட்டால் மூடிக்கொள்ளும். மூடின அந்த நிமிடம் சுருளுக்குள் நிற்கும் தண்ணீர் நெருப்பில் கொதித்து ஆவியாகும். மறுபடி அழுத்தினால் முதலில் ஆவி வரும், தலையில். நிறுத்தும் கன்னும் நெருப்புச் சுருளும் ஒன்றாகச் சேரவே கூடாது. கையடக்க காஸ் கீசரை மறைப்புக்குள் மாட்டுவதும் கூடாது. பூட்டிய குளியலறையில் காஸ் கீசரால் கார்பன் மோனாக்சைடு நிறைந்து உயிர் போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டினால் அதுவும் ஒரு அறைதான்.

இனிமேல்தான் நிஜமான வேலை. இடம். கூடாரங்களிலிருந்து தள்ளி, சற்றுச் சரிவான தரையில், சரிவின் கீழ்ப்பக்கம் கூடாரமோ ஓடையோ இல்லாத இடமாகப் பாருங்கள். ஓடை, குளம், கிணறு எதுவானாலும் 60 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், பெரியவர் நடையில் 80 எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கும் சோப்பு என்று போட்டிருந்தாலும் அது மண்ணில்தான் மக்கும், ஓடைத் தண்ணீரில் விட்டால் மீனுக்கும் தவளைக்கும் கெடுதல்தான்.

தரையைக் கவனிக்காமல் ஷவர் போட்டால் மூன்றாவது ஆளோடு சேறு ஆரம்பித்துவிடும். ஆறாவது ஆள் குளித்துவிட்டு வரும்போது குளிக்கப் போனதைவிட அழுக்காக வருவார். என் இரண்டாவது ஷவரின் கதை இதுதான். தண்ணீர் அற்புதமாக விழுந்தது, முழங்கால்வரை செம்மண். இப்போது நான் சரக்கு அடுக்கும் பிளாஸ்டிக் பேலட் ஒன்றைப் பாதியாக அறுத்து எடுத்துப் போகிறேன். கீழே இரண்டு விரல் உயரத்துக்கு ஜல்லியோ உடைந்த ஓடோ பரப்பி, அதன்மேல் பேலட். மேலே ஒரு துளை போட்ட ரப்பர் பாய், வயதானவர்களுக்கு வழுக்கக் கூடாது. பேலட்டின் கீழிருந்து சரிவுப் பக்கம் ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் கீறி, அது முடிகிற இடத்தில் முழங்கால் ஆழக் குழி. 90 லிட்டரும் ஒரே சமயத்தில் வருவதில்லை, செம்மண்ணில் இடையிடையே இழுத்துக்கொள்ளும். தோண்டுவதற்கு முன் தோட்டக்காரரைக் கேளுங்கள். காப்பிச் செடியின் வேர் மேலாகவே ஓடும், செடிக்குப் பக்கத்தில் மண்வெட்டி போட்டால் மரியாதையாக இருக்காது. கிளம்பும்போது குழியை மூடிவிட்டு வாருங்கள்.

மறைப்பு. பச்சை நிழல்வலை மலிவு, காற்றோட்டம், மடித்தால் சின்னதாகிவிடும் என்று அதைத்தான் முதலில் கட்டினேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. இருட்டினதும் உள்ளே ஒரு எல்இடி விளக்கைத் தரையில் வைத்தோம். அவ்வளவுதான், குளிக்கிறவரின் நிழல் ஆளுயரத்துக்கு மேல் பெரிதாகி வலையில் தோல்பாவைக்கூத்து ஆடியது. நல்லவேளை, முதலில் போனவன் நான். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டு ஏதோ நகைச்சுவை என்று நானும் உள்ளேயிருந்து சிரித்திருக்கிறேன். அடர்ந்த நிறத் தார்ப்பாய்தான் சரி, 12க்கு 15 அடி ஒன்று போதும். மூன்று மரமும் கயிறும் கிடைத்தால் சட்டமே வேண்டாம், இல்லாவிட்டால் நாலு மூங்கில். விளக்கைத் தலைக்கு மேலே கட்டுங்கள், நிழல் காலடியில் விழும். அதைவிட நல்லது, குளியலை மாலை நாலு மணிக்கே ஆரம்பித்துவிடுவது. மேல்தொட்டித் தண்ணீர் பகல் வெயிலில் இளஞ்சூடாக இருக்கும், கொதிநீரும் குறைவாகச் செலவாகும், விளக்கே வேண்டாம், முடி உலரவும் நேரம் கிடைக்கும். காட்டில் காலை ஆறு மணிக் குளியல்தான் குளியல் என்று ஒரு பெரியப்பா எல்லாக் கும்பலிலும் இருப்பார், அவருக்கு மட்டும் ஒரு பக்கெட் ஒதுக்கிவிடலாம்.

மறைப்பை ஒரே அறையாகக் கட்டாதீர்கள். நடுவில் ஒரு பழைய ஷவர் திரையோ போர்வையோ தொங்கவிட்டு ஈரப் பாதி, உலர்ந்த பாதி என்று பிரியுங்கள். உலர்ந்த பாதியில் தோளுயரத்தில் ஒரு கயிறு, அதில் ஐந்தாறு எஸ் கொக்கி, கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். துண்டு, மாற்றுத் துணி, கழற்றிய துணி, கண்ணாடி, தாலிச் செயின், ஒவ்வொன்றுக்கும் இடம் வேண்டும். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு சேலையை ஈரம் படாமல் கட்டுவது எப்படி என்று என் மனைவி ஒரு பயணம் முழுக்கக் கேட்டபிறகுதான் இந்த இரண்டாவது அறை வந்தது. வாசலை ஒன்றன்மேல் ஒன்று ஒரு கை அளவு மடிகிற மாதிரி விடுங்கள், காற்றில் திறக்காது. உள்ளே ஆள் இருந்தால் வெளியே சிவப்புத் துண்டு தொங்கும் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் சத்தம் போட்டு விசாரிக்க வேண்டியதில்லை. பக்கெட்டும் பம்ப்பும் பேட்டரியும் தார்ப்பாய்க்கு வெளியே ஒரு ஸ்டூலில் இருக்கட்டும். ஹோஸ் மட்டும் உள்ளே போனால் போதும். வெளியே இருக்கிற ஆள் பக்கெட்டை நிரப்பிக்கொண்டே இருக்கலாம், உள்ளே எட்டிப் பார்க்க அவசியமில்லை.

நீங்கள் போவது டிசம்பர் என்பதால் அட்டைத் தொல்லை பெரிதாக இருக்காது. ஜூன், ஜூலையில் போகிறவர்கள் மறைப்புக்குள் நுழையும் முன் பேலட்டின் அடியைப் பார்க்க வேண்டும். கன்னடத்தில் ஜிகணெ என்பார்கள், ஈரமும் நிழலும் இருந்தால் வந்து ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் குழியும் தண்ணீரை இழுக்காது, வாய்க்காலை நீளமாக வெட்டிச் சரிவில் பரவ விடுவதுதான் வழி.

இத்தனை எதற்கு, ஹேமாவதி ஆற்றில் போய் முங்கி எழுந்துவிடலாமே என்று ஒருத்தராவது சொல்வார். சோப்பில்லாமல், தோட்டக்காரர் காட்டுகிற இடத்தில், நீச்சல் தெரிந்த பெரியவர்கள் செய்யட்டும். இதே யோசனையை பீமேஷ்வரி பக்கம் காவிரிக்குப் போகும்போது எடுத்துப் போகாதீர்கள், அங்கே முதலை உண்டு. பக்கெட்டில் தண்ணீர் மொள்ளக்கூட அந்தி நேரத்தில் கரைக்குப் போகக் கூடாது.

திரும்பி வந்ததும் பம்ப்பில் நல்ல தண்ணீரை இரண்டு நிமிடம் ஓட்டி, பிறகு வெறும் காற்றை இழுக்கவிட்டு, ஹோஸை இரண்டு முனையும் திறந்தபடி நிழலில் தொங்கவிடுங்கள். சுருட்டி மூட்டை கட்டினால் அடுத்த தடவை சாக்கடை வாடை வரும். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடியும். காலியாகவே பரணில் போட்ட லெட் ஆசிட் பேட்டரி அடுத்த வருடம் பேப்பர் வெயிட்டுக்குத்தான் ஆகும்.

செலவு, நான் கடைசியாகச் செய்தபோது பம்ப், பேட்டரி, சார்ஜர், ஹோஸ், கிளிப், கன், தார்ப்பாய் எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய் சுமாராக ஆனது. பேலட் பட்டறையில் சும்மா கிடைத்தது. அண்டா அத்தை வீட்டுடையது. பம்ப்பும் பேட்டரியும் பெங்களூர் சிட்டி மார்க்கெட் சுற்றுவட்டாரத்து விவசாயக் கருவிக் கடைகளில் பாருங்கள். ஓசூர்ப் பக்கம் யாராவது போகிறார்கள் என்றால் அங்கேயும் கிடைக்கும், ரோஜாத் தோட்டங்களுக்கு ஸ்பிரேயர் விற்கிற ஊர். ஃபியூஸ், சுவிட்ச், வயருக்குப் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோடு. அங்கே ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை மதியத்துக்குள் போய்விடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பாவது மொட்டைமாடியில் கட்டி, வீட்டில் ஒருத்தரை உடையோடு நிற்கவைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஒழுகுகிற கிளிப் எது என்று அங்கேயே தெரிந்துவிடும்.